பணம் கேட்பதும் பிரார்த்தனைதானா?

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1995ஆம் ஆண்டு பிறந்த அகமது ஒலொலாடே, தன் தாயின் பெயரையே மேடைப் பெயராகச் சூடிக்கொண்டு அஷாக்கே ஆனவர். இலே-இஃபேயிலுள்ள ஒபாஃபெமி அவொலொவொ பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை படித்தார். நடனக்காரராகத் தொடங்கிப் பாட்டுக்கு வந்தார். 2022இன் தொடக்கத்தில் ராப் பாடகர் ஒலமிடேயின் ஒய்பிஎன்எல் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் முதல் தொகுப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் லண்டனின் ஓ2 அரங்கில் பாடினார். 2024 செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடினார். ஆஃப்ரோபீட்ஸ் இசையில் இவ்வளவு விரைவாக இவ்வளவு உயரம் தொட்டவர்கள் குறைவு. அவருடைய முதல் தொகுப்பின் தலைப்பிலேயே பணம் இருக்கிறது. நன்றி நவிலும் பாட்டொன்றும் அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் தொகுப்போ, கடவுளின் யொரூபா மொழிப் பெயரான 'ஒலொருன்' என்று தலைப்பிட்ட பாட்டோடு தொடங்குகிறது. பணம், பெண், புகழ், விருந்து என்று ஓடும் வரிகளுக்கு நடுவே கடவுள் வருகிறார். பின்னால் ஒரு கூட்டமே தேவாலயப் பாடகர் குழுபோல் எழுந்து பாடுகிறது. இதை வழிபாடு என்று கொள்வதா, களியாட்டத்தின்மேல் தெளித்த நறுமணம் என்று தள்ளுவதா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. பக்தர்களில் ஒரு சாரார் இதை இழிவுபடுத்தல் என்கிறார்கள். நாத்திகச் சாய்வுள்ள விமர்சகர்கள் இதைச் சந்தைத் தந்திரம் என்கிறார்கள். இரு தரப்பும் எதிரெதிரே நின்றாலும் ஒரே நம்பிக்கையின்மேல்தான் நிற்கின்றன: பொருளையும் இன்பத்தையும் நாடுகிறவன் உண்மையாகப் பிரார்த்திக்க முடியாது. அந்த நம்பிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். அது தவறு என்பதே என் வாதம். பணத்தைக் கேட்பதால் ஒரு பிரார்த்தனை பொய்யாகிவிடாது. அதை மெய்யாக்குவதோ பொய்யாக்குவதோ வேறொன்று: கிடைத்தது கொடை என்று ஒப்புக்கொண்ட பிறகு, கிடைக்காதவர்களைப் பற்றி அந்த மனிதன் என்ன நினைக்கிறான் என்பது.

முதலில் வரலாறு. பாட்டும் தொழுகையும் லாகோஸில் பிரிந்து வாழ்ந்ததில்லை. ரம்ஜான் மாதத்தில் விடியலுக்கு முன் உண்ண வேண்டிய உணவுக்காக மக்களை எழுப்ப, யொரூபா இனத்து முஸ்லிம் இளைஞர்கள் தெருத்தெருவாகப் பாடிச் செல்வார்கள். வேரே என்று அழைக்கப்பட்ட அந்த இசையிலிருந்துதான், சிறுவயதிலிருந்தே அதைப் பாடிவந்த சிகிரு அயிண்டே பாரிஸ்டர் ஃபூஜி இசையை உருவாக்கினார். பறைகள் அதிர, குரல் வளைந்து வளைந்து செல்லும் அந்தப் பாணியின் சாயலை அஷாக்கேயிடம் தெளிவாகக் கேட்கலாம். கிறிஸ்தவத் தரப்பிலும் இதுபோன்ற கதை உண்டு. ஆங்கிலிக்கப் பாதிரியார் ஜே. ஜே. ரான்சம்-குட்டி யொரூபா மெட்டுகளில் அமைந்த பக்திப் பாடல்கள் உட்பட 43 பாடல்களை 1922இல் லண்டனில் பதிவு செய்தார். இன்றைய ஆஃப்ரோபீட்ஸுக்கு முந்தைய ஆஃப்ரோபீட் இசையை உருவாக்கிய ஃபெலா குட்டி அவருடைய பேரன். 1925இல் லாகோஸில் உருவான கெருபீம் செராஃபீம் சபையும் அதைப் போன்ற, அலதுரா எனப்படும் பிரார்த்தனைச் சபைகளும், மிஷனரிகள் ஐயத்தோடு பார்த்த பறையையும் கைத்தட்டலையும் ஆட்டத்தையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தன. வெள்ளை அங்கி அணிந்து கூட்டமாகப் பாடும் அந்தச் சபைகளின் ஒலி லாகோஸ் தெருக்களில் வளர்ந்த எவர் காதிலும் விழுந்திருக்கும். அஷாக்கேயின் பாட்டில் எழும் கூட்டுக்குரல் எங்கிருந்தோ கடன் வாங்கிய அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. அது அந்த ஊரின் இயல்பான பேச்சு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிறந்த இடம் புனிதமானது என்பதால் போய்ச் சேர்ந்த இடமும் புனிதமாகிவிடுமா? நோன்புக்காக எழுப்பிய பாட்டு மதுக்கூடத்துக்குப் போய்விட்டால் அதைத் தொழுகை என்று சொல்லலாமா? இந்த மறுப்பு ஏட்டோடு நிற்பதில்லை. 2023 ஜூலையில் பாடகர் டாவிடோ, தன் நிறுவனத்தைச் சேர்ந்த லோகோஸ் ஒலோரியின் பாட்டுக்கான காணொளித் துண்டொன்றைப் பகிர்ந்தார். வெள்ளை உடையில் தொழும் ஆண்கள் சட்டென்று ஆடத் தொடங்கும் காட்சி அதில் இருந்தது. வட நைஜீரியாவில் கொதிப்பு எழுந்தது. மைதுகுரியில் டாவிடோவின் படங்களை எரித்தார்கள். அவர் அந்தப் பதிவை நீக்கினார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் வோலே சொயின்கா, மன்னிப்புக் கேட்கத் தேவையே இல்லை என்று அவருக்காகப் பேசினார். தெற்கில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு இசையும் தொழுகையும் ஒரே முற்றத்தில் இருப்பது வழக்கம். வடக்கில் பலருக்கு அது காயம். காயப்பட்டவர்களின் வலியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வலி எதை நிரூபிக்கிறது? தொழுகையின் வடிவத்தை வேடிக்கைக்குப் பயன்படுத்தினால் சிலர் புண்படுவார்கள் என்பதை மட்டுமே. ஆடுகிற உடலிலிருந்து கடவுளை நோக்கிச் சொல் எழவே முடியாது என்பதை அது நிரூபிக்கவில்லை. பாட்டு ஒலிக்கும் கட்டடத்தை வைத்து அதன் தன்மையைத் தீர்மானிக்க முடியாது. அது யாரை விளிக்கிறது, என்ன சொல்கிறது என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்து, பணம். கடவுளிடம் செல்வம் கேட்பது பக்தியின் கீழ்ப்படி என்று நினைப்பது பல மரபுகளில் உள்ள வழக்கம். யொரூபாச் சமய மரபு அப்படி நினைக்கவில்லை. இஃபா குறிகேட்கும் முறையில் மனிதன் நாடும் நன்மைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: பணம், இல்வாழ்க்கை, பிள்ளைகள், நீண்ட ஆயுள். இவற்றைக் கேட்பதில் கூச்சம் எதுவும் இல்லை. கேட்கத்தான் குறி, அதற்காகத்தான் படையல். உலகத்து நன்மை கடவுளுக்கு அந்நியமானது என்ற எண்ணமே அங்கே இல்லை. பின்னாளில் வந்த பெந்தெகொஸ்தே சபைகள் இந்த மண்ணில் இவ்வளவு வேகமாக வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். லாகோஸுக்கு அருகே ஓட்டாவில் 1999இல் திறக்கப்பட்ட வின்னர்ஸ் சாப்பலின் ஆலயத்தில் 50,000 இருக்கைகள் இருக்கின்றன. அங்கே செழிப்பு என்பது வெளிப்படையான போதனை. மின்சாரம் எப்போது போகும், நைரா நாணயத்தின் மதிப்பு எப்போது சரியும் என்று தெரியாத நகரத்தில், பணத்தை வேண்டாத பிரார்த்தனையே செயற்கையாக ஒலிக்கும். பொருளாசையை இகழும் ஆன்மிகம் பெரும்பாலும் அடுத்த வேளைக் கவலை இல்லாதவர்களின் ஆன்மிகம். பசித்தவன் சோற்றைக் கேட்டால் பிரார்த்தனை என்று ஒப்புக்கொள்கிறோம். அவனே வீட்டையும் காரையும் கேட்டால் முகம் சுளிக்கிறோம். எந்தத் தொகையைத் தாண்டினால் வேண்டுதல் பேராசையாகிறது என்று யாராலும் கோடு கிழிக்க முடிந்ததில்லை.

அப்படியென்றால் கடவுளோடு நடத்தும் வியாபாரத்தையும் பிரார்த்தனை என்று ஏற்க வேண்டியதுதானா என்று கேட்கலாம். இல்லை. வேண்டுதலுக்கும் வியாபாரத்துக்கும் வேறுபாடு உண்டு. அது கேட்கும் பொருளில் இல்லை, கேட்கும் முறையில் இருக்கிறது. காணிக்கையை விதை என்று சொல்லி, விதைத்தவனுக்குப் பல மடங்கு திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்லும் போதகர் கடவுளைக் கடன்காரராக்குகிறார். கிடைக்காவிட்டால் கோபப்படும் உரிமை அங்கே வந்துவிடுகிறது. அஷாக்கேயின் பாடல்களில் மேலோங்கி நிற்பது நன்றி. நன்றி வேறு வகைச் சொல். வரவேண்டியது வந்தது என்று நினைப்பவன் நன்றி சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் வாங்குகிறவன் ரசீதில் கையெழுத்திட்டால் போதும். உளமாரச் சொல்லும் நன்றி, இது எனக்கு உரிமையாக வரவில்லை, வராமலே போயிருக்கலாம் என்ற ஒப்புதல். அந்த ஒப்புதல் இருக்கும்வரை, பாட்டில் எத்தனை கார்கள் ஓடினாலும் அது வியாபாரமாகாது.

ஆனால் இங்கேதான் என் வாதத்துக்கே சிக்கல் வருகிறது. அதே பாடல்களில் நன்றியோடு பெருமிதமும் ததும்புகிறது. நான் வென்றேன், நான் உயர்ந்தேன் என்ற முழக்கமும் எல்லாம் கடவுள் தந்தது என்ற பணிவும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டும் முழுமையாக உண்மையாக இருக்க முடியாது. கொடை என்றால் பெருமைக்கு இடமில்லை; உழைப்பின் விளைவு என்றால் நன்றிக்கு இடமில்லை. யொரூபா மரபு இதற்குப் பாதி விடை தருகிறது. ஒரிக்கி என்ற புகழ்மொழி மரபில் ஒருவனைப் புகழ்வது அவன் முன்னோரையும் ஊரையும் புகழ்வதாகும். தற்பெருமை முழுதும் தனியொருவனுக்குச் சேர்வதில்லை. அஷாக்கே என்பதே பெண்களுக்கு இடும் ஒரிக்கிப் பெயர். அதைச் சுமக்கும் ஆண், தன்னைப் புகழும்போதெல்லாம் தாயையும் சேர்த்தே புகழ்கிறான். பெருமிதத்தை இது வெளிநோக்கித் திருப்புகிறது. ஆனாலும் அது குடும்பத்தின் வேலியைத் தாண்டவில்லை.

வேலிக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி மரபிலேயே ஒரு கதை இருக்கிறது. அதை வாண்டே அபிம்போலா போன்ற இஃபா அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் அஜாலா என்ற குயவனிடம் போய்த் தனக்கான ஓரியை, அதாவது விதியைச் சுமக்கும் தலையை, தேர்ந்தெடுக்க வேண்டும். அஜாலா கவனமற்றவன், பல தலைகள் சரியாகச் சுடப்படாதவை, பார்த்தால் தெரியாது. மூன்று நண்பர்கள் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். இருவருடைய தலை வழியில் மழையில் கரைகிறது. அவர்கள் வாழ்நாள் முழுக்க உழைத்தும் உயரவில்லை. தந்தையைச் சந்தித்து ஆலோசனை பெற்றுச் சென்ற மூன்றாமவனுக்கு மட்டும் நல்ல தலை வாய்க்கிறது. ஒரே இடத்தில் தேர்ந்தோம், விதி மட்டும் வேறாயிற்று என்று நண்பர்கள் வியக்கிறார்கள். எதுவும் தெரியாமல் செய்த தேர்வைத் தேர்வு என்று சொல்லலாமா என்று நைஜீரியத் தத்துவ அறிஞர் சேகுன் க்பாடெகெசின் இக்கதையை முன்வைத்துக் கேட்டார். அந்தக் கேள்வி வெற்றிப் பாடல்களையும் விடாது. என் உயர்வு கொடை என்றால், என்னோடு அதே தெருவில் அதே ஆட்டத்தை ஆடிய மற்றவனுக்குக் கொடை வராதது ஏன்? 2022 டிசம்பர் 15 அன்று லண்டனின் பிரிக்ஸ்டன் அரங்கில் அஷாக்கே பாடிய இரவில் வாசலில் நெரிசல் ஏற்பட்டது; ரசிகை ஒருவரும் பாதுகாப்புப் பணியாளர் ஒருவரும் இறந்தார்கள். அதற்கு அவரைப் பொறுப்பாக்குவது இங்கே நோக்கமன்று. உள்ளே மேடையேறியவனின் பேற்றைக் கடவுளின் கருணை என்று சொல்லும் நாக்கு, வெளியே நசுங்கியவர்களின் முடிவை என்னவென்று சொல்லும்? கருணையை ஒரு பக்கம் மட்டும் எழுதும் கணக்கு கணக்காகாது.

கொடையைக் கொடை என்று சொன்னவன் மௌனமாகத் தப்பிக்க முடியாத இடம் இது. இதற்கு இறையியல் தீர்வு எனக்குத் தெரிந்து எந்த மதத்திலும் முடிந்த முடிவாக இல்லை. ஆனால் நடைமுறையில் ஒரு தீர்வு உண்டு. யொரூபாச் சிந்தனை அதை இவா என்ற நற்குணத்தில் வைக்கிறது. நல்ல தலை வாய்த்தாலும் நற்குணம் இல்லாதவனின் விதி கெட்டுப்போகும் என்பது அதன் உறுதியான போதனை. எனக்கு வந்தது கொடை என்று ஒருவன் உண்மையிலேயே நம்பினால், அது வராதவனை அவன் சோம்பேறி என்றோ சபிக்கப்பட்டவன் என்றோ இகழ முடியாது. அவர்கள் இருவருக்கும் நடுவே இருப்பது தகுதி அன்று, வாய்ப்பு மட்டுமே என்று அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். ஏழ்மையைக் குற்றமாகப் பேசும் வெற்றிப் பாட்டு, நன்றியை மறுத்துவிடுகிறது. ஏழ்மையைத் தன் பழைய முகவரியாக நினைவுகொள்ளும் பாட்டு, நன்றியைக் காப்பாற்றுகிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான். கடவுளையும் பணத்தையும் ஒரே பாட்டில் வைத்ததற்காக அஷாக்கேயையோ அவரைப் போன்றவர்களையோ குற்றம் சொல்ல முடியாது. அது அவர்கள் மண்ணின் பழைய, நேர்மையான பிரார்த்தனை. ஆனால் அது பாதிப் பிரார்த்தனை. மறுபாதியைப் பாட்டால் நிறைவு செய்ய முடியாது. பாடியவர் வாழ்ந்துதான் நிறைவு செய்ய வேண்டும். அவரைக் கேட்டு ஆடுகிறவர்களுக்கும், ஆடாமல் முகம் சுளிக்கிறவர்களுக்கும், தங்கள் நன்றிகளைப் பற்றிக் கேட்டுக்கொள்ள அதே கேள்வி இருக்கிறது.