விண்ணப்பமும் வாய்மையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

இந்தியாவில் பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பெரும்பாலும் மதிப்பெண்ணாலேயே முடிவாகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலோ மாணவரின் கல்விசாராச் செயல்பாடுகளும் உடன் வைத்து மதிப்பிடப்படுகின்றன. அங்குப் பரவலாக வழங்கும் ‘காமன் ஆப்’ எனும் பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை குறிக்கலாம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குறிகளுக்குள் விளக்கி, அதற்குச் செலவிட்ட நேரத்தையும் தருதல் வேண்டும். ஒவ்வொரு பதிவையும் நேரில் சரிபார்த்தல் அரிது. மாணவர் தரும் உறுதிமொழியே பெரிதும் சான்றாகிறது. இந்நிலையில் நேர்மை என்பது எதனைக் குறிக்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூவகைப் பிறழ்வுகள்

உண்மையை உள்ளத்தோடும், வாய்மையை வாயோடும், மெய்மையை மெய்யோடும் இயைத்துக் காண்பது தமிழறிஞரிடையே வழங்கும் விளக்கம். இப்பகுப்பு இங்குப் பெரிதும் துணைசெய்யும். செய்யாததைச் செய்ததாகக் கூறல் மெய்மைக்கு மாறானது. இரண்டு மணிநேரத்தை ஆறாக எழுதுதலும், உறுப்பினர் தம்மைத் தலைவர் என்றலும் வாய்மைக்கு மாறானவை. இடம் பெறுதற்காகவே தொண்டு செய்துவிட்டு, அதனைப் பரிவின் விளைவாகக் காட்டல் உண்மைக்கு மாறானது.

முதலாவதற்கு 2019 மார்ச்சில் வெளிப்பட்ட அமெரிக்கச் சேர்க்கை ஊழல் தக்க சான்று. வில்லியம் ரிக் சிங்கர் என்பார் செல்வர் பிள்ளைகள் சிலரை விளையாட்டு வீரராகக் காட்டப் பொய்க்குறிப்புகளைப் புனைந்தார். பயிற்றுநர்க்குக் கையூட்டும் வழங்கினார். 2023 சனவரியில் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டாவதனை ‘எல்லாரும் செய்வதே’ என்று பலர் பொறுத்துக்கொள்வர். ஆயின் இடங்கள் வரையறைக்கு உட்பட்டவை. ஒருவர் கூட்டி எழுதும் நான்கு மணிநேரம், உள்ளதை உள்ளவாறு எழுதிய மற்றொருவரைத் தாழ்த்துகிறது. இழப்புக்கு உள்ளானவர் அதனை ஒருபோதும் அறியமாட்டார். எனவே முறையிடவும் இயலாது. சிறிய மிகையும் அறத்தவறாவது இதனாலேயே.

மூன்றாவது சிக்கலானது. நோக்கத்தை எந்த நிறுவனமும் அளந்தறிய இயலாது. இடத்திற்காகத் தொண்டு செய்தவரிடமிருந்தும் முதியவர் ஒருவர் உதவி பெறவே செய்தார். ஆகவே அச்செயலைக் குறிப்பிடுதல் பிழையன்று. இல்லாத உணர்வை இருந்ததாக எழுதுதலே பிழை.

குறைத்துக் கூறல்

மிகுத்தல் போன்றே மறைத்தலும் எண்ணத்தக்கது. உடன்பிறந்தோரைப் பேணுதல், கடையில் ஊதியத்திற்கு உழைத்தல் ஆகியவற்றைச் சிறப்பற்றவை எனக் கருதி விட்டுவிடும் மாணவர் உளர். அவ்விண்ணப்பத்திலோ குடும்பப் பொறுப்பு, ஊதியப் பணி ஆகியவற்றிற்குத் தனிப்பிரிவுகள் உண்டு. ஹார்வர்டு கல்வியியல் புலத்தின்வழி 2016இல் வெளிவந்த அறிக்கையும், செயல்பாடுகளின் எண்ணிக்கையினும் தரமே மதிக்கப்பட வேண்டும் என்றும், குடும்பத்திற்கு ஆற்றும் பங்களிப்பும் கருதப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

முடிவுரை

செயலிலும் சொல்லிலும் நேர்மையை நிறுவனம் கேட்கலாம். உள்ளத்தின் நேர்மைக்கு மாணவரே சான்று. எவ்வகை வாழ்வு மதிக்கப்படும் என்பதைத் தெளிவாக அறிவிக்கும் கடமை நிறுவனத்திற்கும் உண்டு. வீட்டுப் பணி இழிவன்று என்பதை அறிந்த மாணவருக்குப் பொய்யின் தேவை குறையும்.