மௌனமும் அமானித மோசடியே

நம் சகோதரர்கள் பலர் கம்பெனிகளில் டைரக்டர்களாக இருக்கின்றனர். “நான் பெயருக்குத்தான் இருக்கிறேன்; நிர்வாகமெல்லாம் மானேஜிங் டைரக்டர் கையில்” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இந்தப் பதில் மறுமையில் செல்லுபடியாகுமா?

பிறர் பொருளை அவர் அனுமதியுடன் ஆள்பவரை ஃபிக்ஹு ‘அமீன்’ என்கிறது. வியாபாரத்தில் நஷ்டம் வந்துவிட்டால் அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. ஆனால், வரம்பு மீறினாலோ அஜாக்கிரதையாக இருந்தாலோ பொறுப்பு அவர் தலையில் விழும். விற்கச் சொல்லி ஒப்படைத்த பொருளை வகீல் தனக்கே விற்றுக்கொள்ள ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதியில்லை. கூடுதல் விலை கேட்க வேண்டியவரும் குறைத்துக் கேட்க விரும்புபவரும் ஒரே ஆளாக இருப்பது எப்படி?

பங்குக் கம்பெனி பழைய ஷிர்கத்தின் எந்த வகையில் சேரும் என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எந்த வகையில் சேர்த்தாலும், பிறர் பணத்தை ஆள்பவர் அமீனே.

இந்தியாவின் 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டமும் இதற்கு நெருங்கியே வருகிறது. நல்லெண்ணத்துடனும் தக்க கவனத்துடனும் சுயமாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். கம்பெனியின் நலனோடு மோதும் சொந்த நலனில் ஈடுபடலாகாது. முறையற்ற ஆதாயம் பெறலாகாது என்று அதன் 166-ஆவது பிரிவு டைரக்டர்களைக் கட்டுப்படுத்துகிறது. 12 மாதங்களில் ஒரு போர்டு கூட்டத்திற்கும் வராதவர் பதவியை இழப்பார் என்கிறது 167-ஆவது பிரிவு.

2008 டிசம்பரில் ஹைதராபாத்தின் சத்யம் கம்பெனி போர்டு, தலைவரின் குடும்பத்தாருக்குச் சம்பந்தமான இரு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க ஒருமனதாக இசைந்தது. போர்டில் பெரும் கல்விமான்கள் இருந்தனர். பங்குதாரர்கள் கொதித்தெழுந்த பிறகே அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7-ல், கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கம் உண்மையில் இல்லை என்று தலைவரே எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் அந்தப் பொய்யை அறிந்திருந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. கேட்டறியும் இடத்தில் அமர்ந்தவர் அறியாதிருப்பது எப்படிப் போதிய பதிலாகும் என்றே கேட்கிறோம்.

பேசாதவர்மீது பேச்சைச் சாட்டலாகாது என்பது ஃபிக்ஹின் ஒரு விதி. பேசியே ஆக வேண்டிய இடத்தில் மௌனமும் பேச்சாகிவிடும் என்பது அதன் மறுபாதி. தவறு நடப்பதைப் போர்டு நடவடிக்கைகள் மூலம் அறிந்தும் ஆட்சேபிக்காத டைரக்டரைச் சட்டமும் தவறிழைத்தோருடன் சேர்த்தே வைக்கிறது.

“என் ஒரு வோட்டு என்ன செய்யும்?” எனலாம். தீர்மானம் தோற்றதா, ஜெயித்ததா என்பது நம்மிடம் கேட்கப்படாது. நாம் என்ன சொன்னோம் என்பதே கேட்கப்படும். கணக்கைக் கேளுங்கள். ஆட்சேபணையை மினிட்ஸில் பதியச் செய்யுங்கள். அதற்கும் வழியில்லையானால் விலகிவிடுங்கள்.

ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, அது அமானிதம் என்றும், அதன் கடமையை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவும் கைசேதமுமே என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. நாற்காலியை ஏற்குமுன் இதைச் சிந்திப்போமாக.

அமானிதம் பேணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.