கொல்லைப்புறம் பற்றிச் சில சந்தேகங்கள்

அதிராம்பட்டினத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில் 2018 நவம்பர் 16 அதிகாலையில் பதினொரு தென்னைகள் விழுந்தன. கஜா புயல் வேதாரண்யத்துக்கருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்த கணக்கில் இந்தப் பதினொன்றும் அடக்கம். வீட்டுக்காரர் கடல் கடந்து இருப்பவர். இந்த ஊரில் அது விசேஷமான செய்தியல்ல. 2019-ல் நான் குடிவந்தபோது மரங்கள் விழுந்த வாக்கிலேயே கிடந்தன. வேர்ப்பந்துகள் பெயர்ந்த குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. ஆள் விட்டு அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை.

முதலில் சோம்பல்தான். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குச் சோம்பல் சோம்பலாகவே நெடுநாள் இருப்பதில்லை. அதற்கு ஒரு தத்துவம் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதத்தில் நான் கொல்லையைக் கவனிக்காதவன் என்பதிலிருந்து கொல்லையை 'விட்டுவிட்டவன்' ஆகியிருந்தேன். குப்பைமேனியும் நாயுருவியும் முதலில் வந்தன. பிறகு எருக்கு. வேலியோரமாகக் கோவை படர்ந்து, விழுந்த மரத்தின் மேலேறி அடுத்த மரத்துக்குப் போயிற்று. பறவைகள் எச்சமிட்ட இடங்களில் வேப்பங்கன்றுகள். பகலெல்லாம் ஒரு செம்போத்து புதருக்குள் அடிவயிற்றிலிருந்து முனகிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த நண்பர்களுக்கு இதை ஏதோ என் படைப்புபோலக் காட்டினேன். மனிதக் கை படாததன் அழகு என்று சொன்னதாக ஞாபகம். இப்போது கூச்சமாயிருக்கிறது.

நம் மொழியில் இந்த நிலைக்குப் பாராட்டாக ஒரு சொல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாழ், தரிசு, புதர் மண்டிய இடம். சர்க்கார் மொழியில் புறம்போக்கு. எல்லாமே மனிதன் இல்லாமையைக் கொண்டோ தீர்வை வராமையைக் கொண்டோ நிலத்தை அளக்கிற சொற்கள். காவிரியின் வண்டலில் இரண்டாயிரம் வருஷமாகக் களை பறித்துக்கொண்டிருப்பவர்களிடம் வேறென்ன சொல்லை எதிர்பார்க்க முடியும்? பட்டினப்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கரிகாலன் சினந்த பகைவர் ஊர்களில், பெருவிழாக்கள் நடந்து ஓய்ந்த மன்றத்தில் நெருஞ்சியும் அறுகும் பரவிக் கிடப்பதை உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். செடி முளைப்பது அங்கே தண்டனையின் அடையாளம். சற்றுத் தள்ளி, அதே கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதும் குளம் வெட்டியதும் புகழாக வருகின்றன. ஒரே கை ஓரிடத்தில் நாட்டைப் புதராக்குகிறது, வேறிடத்தில் காட்டை நாடாக்குகிறது; இரண்டுக்கும் புகழ் ஒன்றேதான். நம் உரையாசிரியர்கள் இதில் முரண் எதையும் காணவில்லை. எனக்கு அது முரணாகப் படுவதற்குக் காரணம் நான் விவசாயம் செய்யாதவன் என்பதாக இருக்கலாம்.

இந்த மண்ணின் பக்தி உருவங்களில் ஒருவரான அப்பரின் கையிலிருப்பது உழவாரம். ஏழாம் நூற்றாண்டில் கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். களை எடுப்பது அவருக்கு வழிபாடு. எதிர்ப்பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று யோசித்தால் பாரிதான் நினைவுக்கு வருகிறான். ஆனால் முல்லைக்குத் தேர் கொடுத்தவன் முல்லையை அதன் பாட்டுக்கு விடவில்லை. கொழுகொம்பு இல்லாமல் அது தவித்ததாக அவன் முடிவு செய்தான், குறுக்கிட்டான். அவனுடைய கருணை ஒரு தோட்டக்காரனின் கருணை. விட்டுவிடுவதற்கு நம் மரபில் முன்னுதாரணம் தேடிப் போன எனக்கு இரண்டு தோட்டக்காரர்கள் கிடைத்தார்கள்.

இரண்டாம் வருஷம் சீமைக்கருவேலம் தலைகாட்டியது. அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ல் சென்னை மாகாணத்தில், கடப்பைப் பக்கம், விறகுத் தேவைக்காக வனத்துறை கொண்டுவந்தது. 2017-ல் இதை அகற்றும் விவகாரம் உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. (இராமநாதபுரத்தில் இதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) என் கொல்லையில் இயற்கை 'திரும்பி வருகிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வந்ததோ பழைய சர்க்கார் உத்தரவொன்றின் பேரன். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் மனிதக் கை விலகிவிடவில்லை. எனக்கு முன்னால் நீட்டப்பட்ட கைகள் அங்கே வேலை செய்துகொண்டுதானிருந்தன. இதை யோசித்தபின் அந்தக் கன்றுகளைப் பிடுங்கினேன். வெட்டினால் தழைத்துவிடும், வேரோடு எடுக்கவேண்டும். பிடுங்கிய கணத்திலேயே என் தத்துவம் முடிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக் காக்கா. புயலில் தன் தென்னைகள் அனைத்தையும் இழந்தவர். மறு வருஷமே ஆறு கன்றுகள் நட்டிருந்தார். 2020 ஐப்பசியில் ஒரு நாள் வேலியருகே கூப்பிட்டார். அவர் கையில் ஒரு குருத்தோலை. விரிந்தபோது அது கத்தரியால் விசிறி வெட்டினாற்போல் முக்கோண முக்கோணமாய் இருந்தது. பிறகு என் கொல்லைக்குள் வந்து, உளுத்துப்போன மரமொன்றைக் கடப்பாரையால் நெம்பினார். உள்ளே கட்டைவிரல் பருமனில், வளைந்து, வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள்.

"தம்பி, இது உங்க கொல்லையில பொறக்குது, எங்க கொல்லையில சாப்பிடுது" என்றார்.

காண்டாமிருக வண்டு. மக்கிய மரத்திலும் எருக்குழியிலும் முட்டையிடும். புழு அங்கேயே தின்று வளரும். வண்டானபின் இரவில் பறந்துபோய் விரியாத குருத்தைத் துளைக்கும். இளங்கன்றாயிருந்தால் குருத்தோடு கன்றே போய்விடும். அவருடைய ஆறில் இரண்டு ஏற்கெனவே பட்டிருந்தன. அந்த வண்டு என் மரத்தில் பிறந்ததுதானா என்று கேட்டிருக்கலாம். ஊரில் உளுத்த மரம் என் கொல்லையில் மட்டுமா கிடந்தது? ஆனால் அந்தக் கேள்வி வக்கீலின் கேள்வி. அவர் குரலை உயர்த்தவில்லை, நியாயம் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக நான் அனுபவித்த அழகுக்கு யார் வாடகை கொடுத்தார்கள் என்று காட்டிவிட்டுப் போனார்.

தோரோவின் 'வால்டன்' 1854-ல் வந்தது. அதில் அவர் அவரைக்கொல்லையில் களை பறித்துக்கொண்டே, இந்தச் செடிகளின் பழைய தோட்டத்தைக் குலைக்க எனக்கென்ன உரிமை என்று கேட்டுக்கொள்கிறார். கேள்வி அழகானது, கேட்கிறவர் கையில் மண்வெட்டி இருப்பதால் நம்பவும் முடிகிறது. ஃபுகுவோகா இன்னும் கறாரானவர். தகப்பனாரின் ஆரஞ்சு மரங்களை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே விட்டுப் பார்த்தார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கைக்கு இடம் கொடுப்பது வேறு என்று அவர் தெரிந்துகொண்டது அப்படித்தான். மனிதன் பழக்கிய மரத்தைப் பாதியில் விட்டால் அது காடாவதில்லை, அநாதையாகிறது. நம் ஆட்கள் ஃபுகுவோகாவிடமிருந்து 'ஒன்றும் செய்யாதே' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தகப்பனாரின் மரங்கள் செத்த பகுதியைத் தாண்டிப் போய்விட்டார்கள். நானும்தான்.

என் தவறு களை எடுக்காததில் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். கொல்லைக்கு எல்லை உண்டென்று நம்பியதில் இருக்கிறது. பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கிறது. வண்டுக்குப் பத்திரம் கிடையாது. தனக்குள்ளேயே முடிந்துபோகிற தரிசனங்களை எழுதிக் குவிக்கும் நம் கவிதைகளிலும் இதே பிழை இருக்கிறதோ என்று தோன்றுகிறது. அதை வேறொரு சமயம் பேசலாம்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "உங்க இஷ்டம்" என்றார். ஆள் வைத்து மரங்களைப் பிளந்து, புழுக்களைப் பொறுக்கி, கட்டைகளை எரித்தோம். இரண்டு நாள் புகை. கோவைக்கொடி போயிற்று. செம்போத்து ஒரு மாதம் வரவில்லை. வேப்பங்கன்றுகளை மட்டும் விடச் சொன்னேன். ஏன் வேம்பு மட்டும் என்று வேலையாள் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

எரித்த இடத்துக்கு அப்பால், புதருக்குள், புயலில் சிதறிய நெற்றுகளில் இரண்டு யாரும் நடாமலே முளைத்து நின்றன. ஒன்றைக் காக்கா தோண்டி எடுத்துப்போய்ப் பட்ட கன்றின் குழியில் வைத்தார். அது பிழைத்துவிட்டது. மற்றது என் கொல்லையில் இன்று என்னைவிட உயரம். போன வாரம் அதன் புதுக் குருத்து விரிந்தது. அதிலும் அந்த முக்கோண வெட்டுகள். வேப்பங்கொட்டைத் தூளை மணலில் கலந்து குருத்தடியில் போடச் சொல்கிறார் காக்கா. தூள் வாங்கி வைத்திருக்கிறேன். பொட்டலம் இன்னும் திண்ணையில் இருக்கிறது.