கேட்டறிந்த வறுமை

சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவன் ஒருவன், கோவில்பட்டியை அடுத்த கரிசல் சிற்றூரைச் சேர்ந்தவன், இன்று பொருளாதாரத்தில் இளங்கலை இறுதியாண்டு பயில்கிறான். கல்லூரியில் ஒப்படைக்கவேண்டிய ஆய்வேட்டுக்காகத் தன் ஊரிலேயே நாற்பது வீடுகளுக்கு வினாத்தாளுடன் சென்றிருக்கிறான். வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு, அடகில் இருக்கும் நகை எது என்றெல்லாம் அதில் வினாக்கள். தீப்பெட்டி ஆலைக் கூலியில் பிள்ளைகளை வளர்க்கும் விதவை ஒருவர், அனைத்துக்கும் விடை கூறியபின், "இதையெல்லாம் எழுதிட்டுப் போயி என்ன தம்பி செய்யப் போறீக?" என்று கேட்டாராம்.

அவனால் பதில் கூற இயலவில்லை. என்னிடம் வந்தான். பிறர் குறையைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுத்திருக்கிறதே. தான் செய்ததும் அதில் அடங்குமா என்பதே அவன் ஐயம்.

அடங்காது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். கொடுக்கல் வாங்கலுக்கும் பாகப்பிரிவினைக்கும் வேண்டிய கணக்கை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் பர்ளு கிபாயாவாக, அதாவது சமுதாயத்தில் சிலரேனும் கற்றாகவேண்டிய கடமையாக, எண்ணுகிறார்கள். விளைச்சலையும் கூலியையும் கடனையும் ஆராயும் கல்வியும் அக்கணக்கின் வழிவந்ததே. (பொருளாதாரம் வட்டியைப் பற்றிய படிப்பு என்று ஒதுக்குவோர் நம்மில் இன்னும் உளர். நோயைப் படிப்பவன் நோயாளி ஆகிவிடுவதில்லை.) ஆனால் அந்த அம்மையார் கேட்டது படிப்பு ஆகுமா ஆகாதா என்பதையன்று.

அவர் கேட்ட கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு வினாத்தாளுடன் அனுப்பினார். அவர்கள் திரட்டிய செய்திகள் 1918இல் நூலாயின. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியிலுள்ள கங்கைகொண்டான். மற்றொன்று சிவகாசிப் பக்கத்து வடமலைபுரம். 1930களில் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியால் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. 1980களிலும் ஆராய்ச்சியாளர் சென்றனர். தமிழகக் கிராமங்களின் மாற்றத்தை அறிய இவற்றைப்போல் வேறு சான்றுகள் அரிது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும், முதன்முதல் வந்த மாணவனிடம் தம் கடனைச் சொன்ன சம்சாரிக்கு, அவர் வாழ்நாளுக்குள் அதனால் என்ன வந்திருக்கும்?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் நாம் மிகுதியும் கேட்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. இரவில் மதீனாவுக்கு வெளியே ஒரு தாய், பசித்தழும் பிள்ளைகளை உறங்கவைக்க வெறும் நீரை அடுப்பிலேற்றியிருந்தார். வந்தவர் யாரென்றறியாமல் கலீஃபாவைக் குறைகூறினார். உமர் நம் நிலையை எங்ஙனம் அறிவார் என்று அவர்கள் வினவ, எம்மை ஆள ஏற்றுக்கொண்டவர் அறியாமலிருப்பதா என்றார் அத்தாய். அறிந்தபின் உமர் (ரலி) செய்தது நாம் அறிந்ததே. மாவு மூட்டையைத் தாமே சுமந்தார்கள். பணியாளர் அஸ்லம் கேட்டும் தரவில்லை. அடுப்பூதியபோது தாடியினூடே புகை எழுந்ததாம். இரவில் சென்று விசாரித்ததை யாரும் துருவல் என்று சொல்லவில்லை. அவ்விசாரணை மூட்டையில் போய் முடிந்தது.

இதை நான் சொன்னதும் மாணவன் குறுக்கிட்டான். "ஹஜ்ரத், உமரிடம் பைத்துல்மால் இருந்தது. என்னிடம் வினாத்தாள்தானே இருக்கிறது?"

அவன் சொன்னது நியாயம். மானாவாரிப் பருத்தி பொய்த்த ஆண்டில் நாற்பது வீட்டுக் கடனையும் தீர்க்க இருபது வயதுப் பிள்ளையால் ஆகாது; அவன்மீது அச்சுமையை ஏற்றுவது அநீதி. ஆனால் சுமக்க முடியாத மூட்டையைக் காட்டி, சுமக்கக்கூடியதையும் இறக்கிவைத்துவிடுவது மனிதருக்கு எளிதாக இருக்கிறது. அந்த அம்மையாருக்கு விதவை ஓய்வூதியம் வருகிறதா என்று கேட்டேன். வினாத்தாளில் அக்கேள்வி இல்லை என்றான்.

மறுவாரம் விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, அவருடன் தாலுகா அலுவலகத்துக்கும் சென்று வந்தான். ஓய்வூதியம் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். திரும்பும் வழியில், பேருந்தில், அவர் தம் கடன் முன்பு சொன்னதைப்போல் மூன்று மடங்கு என்று கூறியிருக்கிறார். அந்தத் தொகையை ஆய்வேட்டில் திருத்தலாமா என்று என்னிடம் கேட்டான். அதை அவரிடமே கேட்கும்படி அனுப்பியிருக்கிறேன்.