சோதனையா, தீர்ப்பா?

செஞ்சியிலே மூன்று குன்றுகள். இராஜகிரி உயர்ந்தது, அதனால் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் குறையுடையன என்போமா? ஆனால் அக்கோட்டையின் நிழலில், மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைக் கண்டால், முற்பிறவிப் பாவம் என்கிறது ஊர். தாய் செய்த தவறு என்கிறது உறவு.

பழி சுமத்துவோர் பாமரர் மட்டுமா? ஆட்டிசம் பிறப்போடு வரும் உடற்கூற்று நிலை என 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு வாதிட்டார். அதன் பின்பும், 1967-இல் 'வெறுங்கோட்டை' எனப் பொருள்படும் தலைப்பில் நூல் எழுதிய புரூனோ பெட்டல்ஹைம், பெற்ற தாயின் அன்பின்மையே காரணம் என்றார். படித்தோர் நம்பினர், தாய்மார் துடித்தனர். பின்வந்த ஆராய்ச்சி அக்கூற்றை வீழ்த்தியது. ஊழ்வினையைப் போலவே, பட்டம் பெற்றோர் சொல்லும் ஆராயப்படவேண்டும் என்பதே இதன் பாடம்.

அப்படியாயின் சோதனையே வேண்டாமா? பெயர் சூட்டப்பட்டால் பிள்ளையின் வாழ்வு பாழாகுமென அஞ்சும் பெற்றோரை நாம் எள்ளி நகையாடோம். அவ்வச்சத்தை ஊட்டியது, குறை கண்டால் ஒதுக்கும் சமுதாயமன்றோ! எனினும், செவி கேளாத மழலைக்குக் காலந்தாழ்த்தும் ஒவ்வோர் ஆண்டும், மொழி பயிலும் பருவம் கரைகிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கே வந்து பரிசோதிக்கின்றனர். "இருக்கலாம்" என்று அவர்கள் கூறினால், மேலும் ஆராய்க என்பதே பொருள். ஐயம் தீர்ப்பாகாது.

தோழர்களே! ஐயுறுவதும் ஆராய்வதும் நமது வழியன்றோ? தாயத்துக் கட்டும் கையைத் தடுப்பதோடு நின்றுவிடாதீர். அந்தத் தாயுடன் பரிசோதனை மையம்வரை நடந்து செல்லுங்கள்!