விருதும் பொறுப்பும்

2025 ஜனவரி 4ஆம் நாள் அணு விஞ்ஞானி இராஜகோபால சிதம்பரம் காலமானார். மறுநாள் நாளிதழில் அவர் பெற்ற விருதுகளைப் படித்த மாணவர் ஒருவர், "ஹஸ்ரத், அணுகுண்டு செய்தவருக்கும் மாலை சூட்டலாமா?" என்று கேட்டார். சங்கரன்கோவிலில் என்னிடம் அரபு பயில்பவர் அவர். இளம்பிள்ளையின் வினா என்று ஒதுக்கிவிட மனம் ஒப்பவில்லை.

பொக்ரான் என்றதும் நம்மவர் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களையே நினைப்பர். அவர் ஏவுகணைத் துறையினர். குண்டினுள்ளே நிகழும் இயற்பியலை ஆய்ந்தவர்களுள் முன்னின்றவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சிதம்பரம். பேரழுத்தத்திற்கு உள்ளாகும் புளூட்டோனியம் எவ்வாறு சுருங்கும் என்று கணித்தறிவது அவர் ஏற்ற பணி. 1974 மே 18இல் சோதனை நிகழ்ந்தது. 1975இல் அவருக்குப் பத்மஸ்ரீயும், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராயிருந்த இராஜா இராமண்ணாவுக்குப் பத்ம விபூஷணும் வழங்கப்பெற்றன. 1998 மே மாதச் சோதனைகளின்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவர் சிதம்பரம்தான். மறு ஆண்டு அவருக்கும் பத்ம விபூஷண் வந்தது.

1974இல் நடந்ததை 'அமைதிக்கான அணுவெடிப்பு' என்றே அரசு சொல்லி வந்தது. அது குண்டுதான் என்று 1997இல் இராமண்ணாவே வெளிப்படையாகக் கூறிவிட்டார். அவ்வாறாயின் 1975இல் நாடு பாராட்டியது எதனை?

1962இல் சீனத்துடன் போர். 1964இல் அந்நாடு அணுகுண்டை வெடித்துக் காட்டியது. அண்டையார் அஞ்சத்தக்கதொன்று நம் கையிலும் இருந்தால்தான் போர் வாராது என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதனை நம்புவோர் மாலை சூட்டட்டும்; குண்டுக்காகச் சூட்டுகிறோம் என்று சொல்லியே சூட்டட்டும். ஆனால் நாம் பெரிதும் கேட்பது வேறொரு சமாதானம்: விஞ்ஞானி அறிவைத் தேடினார், அதனைப் பயன்படுத்துவது அரசின் பாடு என்பது.

ஃபிக்ஹு நூலார் இதனையொத்த ஒரு வழக்கை ஆராய்ந்துள்ளனர். பொதுவழியில் ஒருவன் கிணறு வெட்டுகிறான். மற்றொருவன் வழிப்போக்கனை அதில் தள்ளுகிறான். தள்ளியவன் 'முபாஷிர்', செயலை நேரே செய்தவன். வெட்டியவன் 'முதஸப்பிப்', காரணமானவன். இருவரும் கூடுமிடத்துப் பொறுப்பு தள்ளியவன் மீதே. விஞ்ஞானி இதனைக் காட்டித் தப்பலாம் போலும்! ஆனால் எவரும் தள்ளாமல், இருளில் ஒருவன் தானே கால் தவறி விழுந்தால் வெட்டியவன்தான் ஈடு கொடுக்க வேண்டும். ஒரு பிழையான சமிக்ஞை, ஓர் அவசரத் தீர்ப்பு போதும், அத்தகைய இருள் சூழ.

என் வழக்கோ விருதளிப்போருடன். 'இச்செயல் உம்முடையது' என்று சொல்வதன்றி விருது வேறென்ன? அதே வாயால் 'இதன் விளைவு உம்முடையதன்று' என்பது எப்படிப் பொருந்தும்? குண்டு செய்யும் பணியிலிருந்து 1944 இறுதியில் விலகிச் சென்ற ஜோசப் ராட்பிளாட்டுக்கு நோபல் அமைதிப் பரிசு 1995இல்தான் கிடைத்தது. செய்து முடித்தோருக்கு ஓராண்டுக்குள் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவும் கேட்ட மாணவர், "நம்மவர் வெட்டிய கிணற்றில் இன்னும் எவரும் விழவில்லையே, ஹஸ்ரத்" என்றார். உண்மைதான். ஹிரோஷிமாவில் விழுந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அன்றைய இலக்கணப் பாடம் அத்துடன் நின்றுபோயிற்று.