திறந்து கிடப்பதெல்லாம் பார்க்க ஆகுமானதா?

‘எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடப்பதைப் பார்த்தால் குற்றமா?’ என்று அன்பர் ஒருவர் வினவுகிறார்.

என்.எஃப்.டி. எனும் கணினிச் சேகரிப்புப் படங்களைப் பற்றியது இவ்வினா. எதீரியப் பேரேட்டில், 2018இல் வகுக்கப்பட்ட இ.ஆர்.சி.-721 முறைப்படி படம் கைமாறும்போது, விற்றவர், வாங்கியவர் இருவரின் முகவரிக் குறிகளும் பதிவாகின்றன. எவரும் பார்க்கலாம், அழிக்க வழியில்லை. பெயர் மட்டும் இராது. ஆனால் நேரில் பேசி விலை முடித்தவருக்கு, அக்குறி இன்னாருடையது எனத் தெரிந்துவிடுகிறதே! பிறகு அவருடைய பழைய கொள்முதல், இருப்பு, நாளைய விற்பனை யாவும் இவர் கண்முன்.

பேரேடு பொது, அறிந்த பெயரோ அமானிதம். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. கதவு பூட்டியிருந்தால் மட்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அப்பெயரை வாங்கியவர் மூன்றாமவரிடம் சொல்வது, என் பார்வையில், அமானித மோசடியே. விற்றவர் ஏமாற்றியிருந்தால்? அப்போது நியாயம் கேட்கும் இடத்தில் சொல்ல அனுமதியுண்டு.